பேஸ்மேக்கர் வெச்ச இடத்துல நாலு வருஷம் கழிச்சு வீக்கம், உள்ள ஏதாவது விட்டுட்டாங்களா?

கேள்வி, 11-06-2024, காலை 9.40

அம்மாவுக்கு 2020ல பேஸ்மேக்கர் வெச்சாங்க. நாலு வருஷமா ஒரு தொந்தரவும் இல்ல. போன மாசத்துலேருந்து பெட்டி இருக்கிற இடத்துல லேசா தடிப்பு, தொட்டா சூடு. காட்டினோம். உள்ள தையல் நூல் உறுத்துது அவ்ளோதான்னு ஏழு நாள் ஆன்டிபயாடிக் குடுத்தாங்க. அடங்குச்சு, மாத்திரை முடிஞ்ச பத்தாம் நாள் திரும்ப வந்துடுச்சு. என் மாமா சொல்றார், உள்ள பஞ்சை வெச்சு தெச்சிருப்பாங்கன்னு. நாலு வருஷம் கழிச்சா அதெல்லாம் தெரிய வரும்? மாமா சும்மா பயமுறுத்துறாரா?

11-06-2024, இரவு 11.15

மாமா சொல்றது நடக்காத விஷயம் இல்ல தம்பி. அதுக்காக அதேதான்னும் சொல்ல வரல. பதினேழு வருஷமா ஓ.டி.யில (ஆபரேஷன் தியேட்டர்) ஸ்க்ரப் நர்ஸா, அதாவது சர்ஜன் பக்கத்துல நின்னு கருவி எடுத்துக் குடுக்கிற நர்ஸா நிக்கிறேன், எங்கப்பாவுக்கே இது நடந்துது, அவருக்கும் நாலு வருஷம் கழிச்சுத்தான். நைட் டூட்டி நடுவுல டைப் பண்றேன், அவசரமானது மட்டும் இப்போ.

யாராவது அந்த வீக்கத்துல ஊசி போட்டு இழுத்துப் பாத்துடலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. உள்ள கிருமி இல்லேன்னாலும் ஊசி வழியா நாமளே கொண்டுபோய் விட்ட மாதிரி ஆயிடும், லீட், அதாவது பெட்டியிலேருந்து இதயத்துக்குப் போற கம்பி, அது மேல இருக்கிற உறையிலயும் குத்திடலாம். அடுத்த ரவுண்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்து, கிருமி வளருதான்னு பாக்கிற கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்க, ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தனித்தனியா. மாத்திரை போட்டா அடங்குது நிறுத்தினா வருதுங்கிறது எனக்குப் பிடிக்கல. பெட்டி மேல அப்படி வந்தா, இன்ஃபெக்‌ஷன் இல்லேன்னு உறுதியாகிற வரைக்கும் இன்ஃபெக்‌ஷன்னே வெச்சுக்கணும். குளிர் காய்ச்சல் வந்தா விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க. போறதுன்னா லீடை வெளிய எடுக்கிற வசதி இருக்கிற இடமா பாத்துப் போங்க.

மிச்சம் நாளைக்கு. பெல் அடிக்குது.

12-06-2024, காலை 10.05

தூக்கம் வரல, எழுதிடறேன்.

விட்டுட்டாங்கன்னு நாம ஒரே வார்த்தையில சொல்லிடறோம். தெரிஞ்சே விடுறது இருக்கு, எடுக்க முடியாம விடுறது இருக்கு, தானா கரைஞ்சுடும்னு நம்பி விடுறது இருக்கு, கடைசியாத்தான் மறந்து விடுறது. நாலுமே வருஷக்கணக்கு கழிச்சு வம்பு பண்ணலாம், ஆனா நாலுக்கும் வைத்தியம் ஒண்ணு இல்ல, கோவப்பட வேண்டிய ஆளும் ஒண்ணு இல்ல.

உங்க டாக்டர் சொன்ன நூலையே எடுத்துக்கோங்க. தோலுக்கு அடியில போடுற தையல் பெரும்பாலும் கரையற நூல், பாலிகிளாக்டின்னு சொல்வாங்க, ரெண்டு ரெண்டரை மாசத்துல உடம்பு அதை முழுங்கிடும். அப்போ நாலு வருஷம் கழிச்சு உறுத்துறது எந்த நூல்? இதை அவர்கிட்ட கேளுங்க. லீட் ரத்தக்குழாய்க்குள்ள நுழையற இடத்துல சின்னதா ஒரு ரப்பர் உறை மாட்டி, அதைச் சுத்தி கரையாத நூலால முடிச்சு போட்டு தசையோட கட்டிடுவாங்க, இல்லேன்னா லீட் நழுவிடும். சில்க் இல்லேன்னா பாலியெஸ்டர். அந்த முடிச்சு ஆயுசுக்கும் உள்ளயேதான் இருக்கும். அதுல கிருமி ஒட்டிக்கிட்டா, அதைச் சுத்தி வழவழன்னு ஒரு படலம் கட்டிக்கும், அந்தப் படலத்துக்குள்ள இருக்கிற கிருமியை மாத்திரையால சரியா அழிக்க முடியறதில்ல. அதனாலதான் அடங்குற மாதிரி அடங்கித் திரும்ப வருது. அதாவது "நூல்தான்"னு சொன்னது நிம்மதிப்பட வேண்டிய பதில் இல்ல.

எடுக்க முடியாம விடுறதுன்னா பழைய லீட். வேலை செய்யாத லீடை இழுத்தா ஆபத்துன்னு நுனியில மூடி போட்டு அப்படியே விட்டுட்டு புதுசு ஒண்ணு பக்கத்துல விடுவாங்க. ஓப்பன் ஹார்ட் ஆனவங்களுக்கு இதயத்து மேல தற்காலிகமா மெல்லிசா கம்பி தெச்சு வெளிய விட்டிருப்பாங்க, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி இழுக்கிறப்போ வரலேன்னா தோல் மட்டத்துல நறுக்கிடுவாங்க, மிச்சம் உள்ள போயிடும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அபூர்வமா அது நகர்ந்து எங்கேயோ போய் எட்டிப்பாக்கும், அப்போ யாருக்கும் அந்தக் கம்பி ஞாபகத்துலயே இருக்காது.

கரைஞ்சுடும்னு விடுறதுல, ரத்தம் நிறுத்துறதுக்குன்னு கரையற மாதிரி பக்குவப்படுத்தின செல்லுலோஸ் வலை முக்கியம். ஒரு துண்டு வெச்சா ஒன்றிரண்டு வாரத்துல போயிடும், பயத்துல நாலஞ்சு துண்டு அடைச்சா கட்டியா நிக்கும், ஸ்கேன்ல சீழ்கட்டி மாதிரியே தெரியும், உள்ள காத்துக் குமிழி கூட இருக்கும். பெட்டியைச் சுத்திப் போடுற ஆன்டிபயாடிக் பையும் இந்த ரகம்தான், சுமார் ஒன்பது வாரத்துல கரையற வலைப்பை. அது நல்ல விஷயம்தான், 2019ல வந்த 6983 பேர் ஆராய்ச்சியில ஒரு வருஷத்துக்குள்ள பெரிய இன்ஃபெக்‌ஷன் வந்தது பை இல்லாதவங்கள்ல 1.2 சதவீதம், பை போட்டவங்கள்ல 0.7. கரையாத பிளாஸ்டிக் வலையிலதான் இது முதல்ல வந்துது, பழைய பை போட்டவங்க உள்ள அது இன்னும் இருக்கும்.

மறந்து விடுறதுக்கு வரேன், அது பெருசு. இப்போ கண்ணு சொருகுது.

12-06-2024, இரவு 8.30

திருத்தம். அப்பாவுக்கு நாலு வருஷம்னு நேத்து எழுதினேன். ஃபைலை எடுத்துப் பாத்தேன், பெட்டி மாத்தினது ஆகஸ்ட் 2019, முதல் வீக்கம் அக்டோபர் 2022. மூணு வருஷம் ரெண்டு மாசம். சொந்த அப்பா கணக்கே இப்படி.

14-06-2024, மாலை 6.20

சரி, அப்பா கதை.

முதல் பெட்டி 2010ல, ஹார்ட் பிளாக்குக்கு. பேட்டரி தீர்ந்து 2019ல பெட்டியை மட்டும் மாத்தினாங்க, ரெண்டு லீடும் பழசு. முக்கால் மணி நேரத்துல முடியற வேலை, ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ரத்தம் நிக்கல, கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டியதாப் போச்சுன்னு சொன்னாங்க, அவர் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை சாப்பிடறவர், அதனால நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். அழுத்திப் பிடிச்சாங்கன்னா எதால, அது எங்க போச்சுன்னு யோசிக்க வேண்டியவளே நான்தான். தோணல. வீட்டு ஆளா உக்காந்திருக்கிறப்போ நர்ஸ் மூளை லீவு போட்டுடுது போல.

மூணு வருஷம் நல்லா இருந்தார். அப்புறம் ஒருநாள் பனியன் உரசுற இடத்துல எரியுதுன்னார். பாத்தா தோல் மினுமினுன்னு, ஓரத்துல ஊதா பூத்திருந்துது. விரலால கிள்ளித் தூக்கினா பெட்டியை விட்டுத் தோல் தனியா வரணும், வரல, ஒட்டிக்கிட்டிருந்துது. அஞ்சு மாசத்துல மூணு கோர்ஸ் ஆன்டிபயாடிக். எக்கோ சுத்தம். எக்ஸ்ரே நார்மல். காய்ச்சல் ஒருநாளும் இல்ல. மனுஷன் வேற நல்லாத்தான் இருந்தார், அதனாலயே எல்லாரும் மெதுவா இருந்தோம், என்னையும் சேர்த்துத்தான்.

மார்ச் 2023ல வேற இடத்துல திறந்தாங்க. உள்ள நிக்க அனுமதி குடுத்தாங்க, எதையும் தொடாம சுவரோரமா. கத்தி வெச்சதும் சீழ் பீறிட்டு வரும்னு நெனச்சேன். மஞ்சளா கொழகொழன்னு கொஞ்சம் தண்ணி, அவ்ளோதான். பெட்டியைச் சுத்தி வெள்ளையா ஒரு உறை கட்டியிருந்துது, அது எல்லாருக்குமே கட்டுறது. பெட்டியை வெளிய எடுத்து வெச்சாங்க. கீழ்மூலையில, பெட்டிக்குப் பின்னாடி, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெருசா ஒரு கட்டி. சர்ஜன் அது உறையோட மடிப்புன்னு நெனச்சு ஃபோர்செப்ஸ்ல பிடிச்சு இழுத்தார், நூல் நூலா வந்துது. அவர் கை நின்னுடுச்சு. யாரும் ஒரு வார்த்தை பேசல, மானிட்டர் சத்தம் மட்டும்.

எனக்குத் தூரத்துலேருந்தே தெரிஞ்சுபோச்சு. பழுப்பா நாறிக் கிடந்தாலும் அந்த நெசவு தெரியும், குறுக்கும் நெடுக்கும் இடைவெளி விட்டு ஓடுற அந்தப் பின்னல், ஒரு நாளைக்கு நூறு தடவை விரல்ல எண்ணித் தள்ளுறது. டிரேயில விரிச்சு வெச்சப்போ ஒரு பக்கம் மடிப்பு ஓரம் நேரா இருந்துது. எதிர்ப்பக்கம் கத்தரிக்கோல் வெட்டு.

15-06-2024, காலை 7.10

"எண்ணித்தானே தெப்பீங்க, எப்படி விட்டுப்போகும்"னு கேட்டிருக்கீங்க. கத்தரிக்கோல் வெட்டுன்னு எழுதினேனே, பதில் அதுலயே இருக்கு.

காஸ்னா ரத்தம் ஒத்தி எடுக்கிற மெல்லிசான பருத்தி வலைத்துணி, அப்பா உள்ள கிடந்தது அதுல ஒரு துண்டு. அது எங்ககிட்ட கட்டா வரும், எங்க ஓ.டி.யில கட்டுக்குப் பத்து. கட்டைப் பிரிச்சதும் ஸ்க்ரப் நர்ஸும், டேபிளைத் தொடாம வெளிய நின்னு சாமான் எடுத்துக் குடுக்கிற சர்க்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து சத்தமா எண்ணணும், ஒவ்வொண்ணா விரிச்சு, போர்டுல எழுதணும். ரத்தம் ஊறினதை பக்கெட்ல போடுவாங்க, அதை எடுத்துத் தொங்கவிட்டிருக்கிற பையில ஒண்ணு ஒண்ணா போடணும். தைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எண்ணிக்கை, தோல் மூடுறப்போ ஒண்ணு. இதுல வேதவாக்கு ஒண்ணு இருக்கு, காஸை வெட்டக்கூடாது. வெட்டினா ஒண்ணு ரெண்டாயிடும். பக்கெட்ல அரைத்துண்டு ஒண்ணு கிடந்தா கசங்கின ரத்தக்கட்டியில அது அரையா முழுசான்னு யாருக்குத் தெரியும், ஒண்ணுன்னு எண்ணிட்டுப் போவோம். எண்ணிக்கை சரியாத்தான் வரும். மிச்ச அரை உள்ள இருக்கும்.

பேஸ்மேக்கர் பாக்கெட், அதாவது பெட்டி வைக்கத் தோலுக்கு அடியில செய்யற பை, உள்ளங்கை அளவுதான். அதுக்கு முழு காஸ் பெருசு. வெட்டித் திணிக்கத் தோணும்.

2003ல அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டேயும் கூட இருந்தவங்களும் போட்ட ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. பொருள் உள்ள தங்கிப்போன 54 பேரை எடுத்துப் பாத்தாங்க, மொத்தம் 61 பொருள், முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மி காஸ்தான். எண்ணிக்கை எடுத்திருந்த கேஸ்கள்ல 88 சதவீதத்துல கடைசி எண்ணிக்கை "சரி"ன்னே எழுதியிருந்துது. இந்த நம்பரை நான் முதல்ல ஒரு டிரெயினிங் வகுப்புல கேட்டேன், கேட்டுட்டு மறந்துட்டேன், அப்பாவுக்கு ஆனப்புறம்தான் உறைச்சுது. எண்ணிக்கை தப்புன்னா நாங்க பக்கெட்டைக் கவுத்து, தரையில தேடி, எக்ஸ்ரே எடுத்து, விடாம கண்டுபிடிச்சுடுவோம். தப்பா வந்த எண்ணிக்கை நோயாளியைக் காப்பாத்திடும். சரின்னு வந்ததுதான் உள்ள வெச்சுத் தெச்சுடும்.

அதே ஆராய்ச்சியில அவசர ஆபரேஷன்ல ஆபத்து ஒன்பது மடங்கு கிட்ட, நடுவுல திட்டம் மாறிப்போனா நாலு மடங்குன்னு வந்துது. அப்பாவோட ஒன்றரை மணி நேரத்தை நெனச்சுக்கோங்க.

15-06-2024, மதியம் 1.45

இதுக்கு மருத்துவத்துல வெச்சிருக்கிற பேர் காசிப்பிபோமா. பருத்திக்கு லத்தீன்ல காசிப்பியம், அதோட ஸ்வாஹிலி வார்த்தை போமாவை ஒட்டவெச்சதுன்னு சொல்வாங்க. பேர்லயே காசிப் (வம்புப்பேச்சு) இருக்கு, ஆனா ஓ.டி.யில யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க.

17-06-2024, இரவு 10.50

எக்ஸ்ரேயில தெரியலேன்னா உள்ள ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமான்னு ஒருத்தர். இல்ல.

ஓ.டி. காஸ்ல நீலமா ஒரு கோடு ஓடும், பேரியம் கலந்த இழை, எக்ஸ்ரேயில அதுதான் தெரியும். பஞ்சு தெரியாது, அந்த இழை மட்டும்தான். காஸை ரெண்டா வெட்டுறப்போ இழை ஒரு துண்டுலயே போயிடலாம், அப்படி ஆனா இன்னொரு துண்டு எக்ஸ்ரேக்குக் கண்ணுக்குத் தெரியாத பொருள். அப்பா உள்ள இருந்தது அந்தத் துண்டு. அதைவிட மோசம், புண்ணுக்குக் கட்டுப்போடுற சாதா காஸ், அதுல இழையே கிடையாது, அதை ஆபரேஷன் டேபிள்ல வைக்கவே கூடாது. அப்படியே இழை இருந்தாலும் பேஸ்மேக்கர்ல இன்னொரு வம்பு, பெட்டி உலோகம், அதுக்கு நேர் பின்னாடி இருந்தா நிழல் மேல நிழல் விழுந்து மறைஞ்சுடும். சாய்வா ஒரு படம் எடுக்கணும். அல்ட்ராசவுண்ட் உதவும், சி.டி.யும் உதவும், பெட்டியோட உலோகம் படத்துல கோடு கோடா இழுத்துவிடும், பழகின கண்ணு வேணும். பெட் (PET) ஸ்கேன் எடுத்தா அந்த இடம் பளிச்சுன்னு எரியும், ஆனா அது கிருமியா, பஞ்சைச் சுத்திக் கட்டின வெறும் வீக்கமான்னு பிரிச்சுச் சொல்லிடாது.

மூணு நாலு வருஷம் சும்மா இருந்துட்டு ஏன் திடீர்னு, இதுவும் கேட்டிருந்தீங்க. பஞ்சு கரையாது, அதுல இருக்கிற பக்குவப்படுத்தாத சாதா செல்லுலோஸை ஜீரணிக்க நம்ம உடம்புல வழி இல்ல. உடம்பு ரெண்டுல ஒண்ணு பண்ணும். ஒண்ணு, எப்படியாவது வெளிய தள்ளப் பாக்கும், சீழ் பிடிச்சு வாய் வெச்சு ஒழுகும், இது சீக்கிரம் வரும். இல்லேன்னா சுத்தி நார்த்திசுவால சுவர் கட்டி உள்ள வெச்சுப் பூட்டிடும். பூட்டினது பத்து இருபது வருஷம் கூட பேசாம இருந்திருக்கு. எப்போ ரத்தத்துல வந்த கிருமி ஒண்ணு அங்க இடம் பிடிக்குதோ, இல்ல மேல தோல் மெலிஞ்சு தேயுதோ, அப்போதான் கதவு திறக்கும்.

18-06-2024, காலை 11.30

கொஞ்சம் வழி மாறிப் போறேன், இது எனக்குப் பிடிச்ச விஷயம்.

உலகத்துல உடம்புக்குள்ள வெச்ச முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8, ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரி. வெச்சுக்கிட்டவர் ஆர்னே லார்சன். வெச்ச டாக்டர் ஓகே சென்னிங், செஞ்ச இன்ஜினியர் ரூனே எல்ம்க்விஸ்ட். ரெண்டு டிரான்சிஸ்டரும் பேட்டரியும் எப்பாக்ஸி பிசின்ல ஊத்தி வார்த்தது, வார்க்க எடுத்த அச்சு ஷூ பாலிஷ் டப்பா. முதல் பெட்டி சில மணி நேரத்துலயே நின்னுடுச்சு. அந்த மனுஷன் அப்புறம் இருபதுக்கும் மேல பெட்டி மாத்தி 2001 வரைக்கும் இருந்தார், 86 வயசு, வெச்ச டாக்டரும் செஞ்ச இன்ஜினியரும் அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க.

எனக்கு இதுல கண்ணு போறது அந்த இருபது சொச்சத்துலதான். ஒவ்வொரு தடவையும் திறந்து மூடியிருக்காங்க. இன்னைக்கு ஒரு பெட்டி எட்டு பத்து வருஷம் வரும், சின்ன வயசுல வெச்சவங்களுக்கு நாலஞ்சு தடவை மாத்தணும். "பேட்டரி மாத்துறது சின்ன வேலை"ன்னு எல்லாரும் சொல்றோம், ஆனா முதல் தடவை வைக்கிறதை விட மாத்துறப்போதான் இன்ஃபெக்‌ஷன் ஆபத்து ஜாஸ்தி. பழைய பாக்கெட், நாராக் கட்டியிருக்கிற உறை, அங்க ரத்த ஓட்டமே கம்மி. சின்ன வேலைங்கிற நெனப்புலயே எண்ணிக்கையும் சின்னதாயிடுது. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டுவந்த 19 வரி செக்லிஸ்ட்ல நோயாளி வெளிய போறதுக்கு முன்னாடி கருவி, காஸ், ஊசி எண்ணிக்கையை நர்ஸ் வாய்விட்டுச் சொல்லணும்னு இருக்கு. பெரிய ஆபரேஷன்ல சொல்றோம். பேஸ்மேக்கர் மாதிரி வேலையெல்லாம் பண்ற கேத் லேப்னு ஒரு அறை இருக்கு, நான் பாத்த கேத் லேப்கள்ல பாதியில எண்ணுறதுக்குன்னு ஆளே தனியா கிடையாது, டெக்னீஷியன் ஒரு கண்ணு ஸ்க்ரீன்ல வெச்சுக்கிட்டு இன்னொரு கையால காஸைப் பிரிச்சுக் குடுப்பார்.

21-06-2024, இரவு 9.15

நான் எழுதினதை முதல்லேருந்து படிச்சுப் பாத்தேன். ஏதோ எல்லாமே அந்த அரை காஸோட வேலை மாதிரி எழுதியிருக்கேன். அது முழு உண்மையான்னு எனக்கே சந்தேகம்.

அப்பாவோட கல்ச்சர்ல ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வந்துது, தோல்லயே குடியிருக்கிற கிருமி. பெட்டிக்கு வர்ற இன்ஃபெக்‌ஷன் முக்கால்வாசி இந்த ஸ்டாஃப் குடும்பம்தான், காஸ் இல்லாமலேயே வரும். அவருக்கு சர்க்கரை இருக்கு, ரத்தம் உறையாம மாத்திரை, பாக்கெட்ல ரத்தக்கட்டு, இது மூணும் இருந்தாலே போதும். அப்போ காஸ் கிருமிக்கு வீடு குடுத்துதா, இல்ல காஸ் ஒரு மூலையில சும்மா கிடந்துது, கிருமி வேற வழியா வந்துதா? திறந்த சர்ஜன்கிட்ட கேட்டேன். "ரெண்டுல எதுன்னு சொன்னா நான் பொய் சொல்றவன் ஆயிடுவேன்"னார். அந்தப் பதில் எனக்கு அப்போ கோவம் வரவெச்சுது. இப்போ வரல.

இன்னொண்ணும் சொல்லாம விட்டுட்டேன். பாக்கெட்ல இன்ஃபெக்‌ஷன்னு ஆனா பஞ்சை மட்டும் எடுத்துட்டு மூட முடியாது, பெட்டி, லீட் எல்லாமே வெளிய வரணும், ஒண்ணை விட்டாலும் திரும்ப வரலாம். அப்பா லீட் பதிமூணு வருஷத்துப் பழசு, ரத்தக்குழாய்ச் சுவரோடயும் இதயச் சுவரோடயும் நாரா ஒட்டி வளர்ந்திருந்துது. அதை உறை மாதிரி குழாய் மாட்டி, ஒட்டினதை லேசர்லயோ சுழல் கத்தியிலயோ விடுவிச்சு விடுவிச்சு இழுக்கணும், பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சா நிமிஷக் கணக்குதான், அதுக்காக நெஞ்சைத் திறக்கத் தயாரா சர்ஜன் பக்கத்துலயே நிப்பார். ஒரு லீட் முழுசா வந்துடுச்சு. இன்னொண்ணு வர்றப்போ நுனி அறுந்து வலது வென்ட்ரிக்கிள் (இதயத்தோட வலது கீழறை) உள்ளயே நின்னுடுச்சு. ரெண்டரை சென்டிமீட்டர். நாலு சென்டிமீட்டருக்குக் கீழ தங்கி, அதனால கெடுதல் இல்லேன்னா அதையும் வெற்றின்னுதான் கணக்கு வெக்கிறாங்க, அது நியாயம்தான், அதைத் தோண்டப் போனா உயிர் போயிடும். ரத்த கல்ச்சர் சுத்தமா வந்தப்புறம் வலது பக்கம் புதுப்பெட்டி வெச்சாங்க.

விட்டதை எடுக்கப் போய் இன்னொண்ணை விட்டுட்டு வந்தோம். வார்டுல அப்பாகிட்ட சொன்னப்போ அவர் கேட்டது ஒண்ணுதான், "இதை எண்ணிட்டியா?"

21-06-2024, இரவு 9.40

சுழல் கத்தின்னதும் பயந்துடாதீங்க, உறையோட நுனியில இருக்கிற சின்ன வளையம் அது. வார்த்தை தப்பா விழுந்துடுச்சு.

24-06-2024, மாலை 5.00

"கேஸ் போட்டீங்களா, யாருன்னு பேரைச் சொல்லுங்க"ன்னு நாலு பேர். பேர் சொல்லமாட்டேன். ஆபரேஷன் நோட்ஸ் நகல் கேட்டு வாங்கினேன், எல்லாருமே வாங்கி வெச்சுக்கணும், டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, அதுல இதெல்லாம் இருக்காது. ஒரு பக்கம். கீழ ரப்பர் ஸ்டாம்ப், "காஸ், ஊசி எண்ணிக்கை இருமுறை சரி". ஸ்டாம்ப் அடிச்சப்புறம் எண்ணினாங்களா, எண்ணினப்புறம் அடிச்சாங்களா தெரியாது. பக்கத்துல ஒரு கையெழுத்து. பேர் படிக்க முடியல.

அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பாத்தேன். ஏன்னா எனக்கு ஒருநாள் ஞாபகம் வந்துது. கேஸ் நடுவுல ஷிஃப்ட் மாறி உள்ள போனேன். முன்னாடி நின்னவங்க "பன்னெண்டு வெளிய, எட்டு டேபிள்ல, சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு கவுனைக் கழட்டிட்டுக் கிளம்பிட்டாங்க, அவங்களுக்கு ஏதோ அவசரம். சேர்ந்து எண்ணணும், அதுதான் விதி. நான் தலையாட்டினேன். கடைசியில இருபது வந்துது, கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷன் ஆன அந்தம்மாவை நான் அப்புறம் பாக்கவே இல்ல.

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

02-07-2024, காலை 8.20

தம்பி, உங்க மெசேஜ் பாத்தேன். அப்போ மாமா தோத்துட்டார், பஞ்சு இல்ல. அந்த டாக்டரும் பாதி ஜெயிச்சிருக்கார், லீட் கட்டின சில்க் முடிச்சைச் சுத்தித்தான் சீழ்னு எழுதியிருக்கீங்க. பெட்டியும் லீடும் முழுசா எடுத்துட்டாங்கங்கிறது பெரிய விஷயம், நாலு வருஷத்து லீட் எங்கப்பாவோடது அளவுக்கு ஒட்டியிருக்காது. "நூல்தானே, அதை மட்டும் எடுத்துட்டு விடக்கூடாதா"ன்னு அம்மா கேட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. மேல தோல்ல மட்டும் ஒரு தையல் பழுத்திருந்தா விடலாம். உள்ள பாக்கெட்டுக்கு எட்டிடுச்சுன்னா விட முடியாது, அவங்க செஞ்சது சரி.

கல்ச்சர் ரெண்டு நாள்ல ஒண்ணும் வளரலேன்னு சொல்லிட்டாங்கன்னு இருக்கு. லேப்ல தட்டைத் தூக்கிப்போடாம பத்து பதினாலு நாள் வெக்கச் சொல்லுங்க. க்யூட்டிபாக்டீரியம்னு ஒரு கிருமி ரொம்ப மெதுவா வளரும், அவசரப்பட்டா சுத்தம்னு ரிப்போர்ட் வந்துடும்.

புதுசு வைக்கிறதுக்கு முன்னாடி அவங்க இதயத்துடிப்பு சொந்தமா எவ்வளவு இருக்குன்னு பாத்து, திரும்ப வெச்சே ஆகணுமான்னு கேட்டீங்களா? சிலருக்குத் தேவைப்படாமலேயே போகும்.

09-07-2024, இரவு 10.30

எம்.ஆர்.ஐ. பத்தி கேட்டவருக்கு. புதுப்பெட்டி எம்.ஆர்.ஐ.க்கு ஏத்ததுன்னு பேஸ்மேக்கர் கார்டுல போட்டிருந்தாலும், உள்ள பழைய லீடோ துண்டோ தங்கியிருந்தா அந்தச் சலுகை அப்படியே செல்லாது, கம்பி சூடாகலாம். சில இடத்துல நல்லது கெட்டது பாத்து எடுக்கிறாங்க, ஆனா அவங்களுக்கு முன்கூட்டியே தெரியணும். கஷ்டம் என்னன்னா, கார்டுல இருக்கிறதெல்லாம் வெச்சதோட விவரம். விட்டதுக்கு அதுல கட்டமே கிடையாது.

அப்பாவோட கார்டுக்குப் பின்னாடி நானே பேனாவுல எழுதி செல்லோடேப் ஒட்டியிருக்கேன்: பழைய லீட் நுனி, 2.5 செ.மீ., வலது வென்ட்ரிக்கிள், மார்ச் 2023.